கிட்னி மாற்றிய பிறகு கேன்சர் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் பல வருடங்களாக ஓ.பி.யில் பேசிக்கொண்டிருப்பவள் நான். வேலைக்குப் பெயர் டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.2 என்று ரிப்போர்ட்டில் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்புகிறவர், கதவு வரை போய்த் திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "இந்த மாத்திரையால கேன்சர் வரும்னு சொல்றாங்களே மேடம், நெசமா?" வரிசையில் இருபது பேர் காத்திருக்கும்போது இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி, நிதானமாகப் பதில் சொல்கிறேன். உங்களுக்கு எந்த மருந்து, எவ்வளவு, என்ன டெஸ்ட் என்று முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் சிறுநீரக மருத்துவர்தான். அவரிடம் எதைக் கேட்பது, எதைச் சொல்வது என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

கேள்வி: கிட்னி மாத்திரையால் கேன்சர் வரும் என்பது உண்மையா?

வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. மாற்று செய்த எல்லோருக்கும் வந்துவிடும் என்பது உண்மையில்லை.

அமெரிக்காவில் 1987 முதல் 2008 வரை நடந்த 1,75,000க்கும் மேற்பட்ட உறுப்பு மாற்றுகளின் பதிவுகளை எடுத்து, புற்றுநோய்ப் பதிவேடுகளோடு வைத்துப் பார்த்தார்கள். அதில் பாதிக்கு மேல் சிறுநீரகம். பொதுமக்களைவிட இவர்களுக்குப் புற்றுநோய் சுமார் 2 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு சிறுநீரக நோயாளிகளை மட்டும் பார்த்தது. சாதாரணத் தோல் புற்றுகளை விட்டுவிட்டுக் கணக்கிட்டபோது, டயாலிசிஸில் இருந்த காலத்தில் 1.35 மடங்கு, மாற்று செய்த பிறகு 3.27 மடங்கு என்று வந்தது. டயாலிசிஸிலேயே கொஞ்சம் கூடுதல்தான் என்பதை இதில் கவனியுங்கள்.

"மூணு மடங்கா!" என்று பதறுவார்கள். மடங்கு என்ற சொல் அப்படித்தான் பயமுறுத்தும். ஒரு குறிப்பிட்ட வயதினரில் வருடத்துக்கு ஆயிரத்தில் 2 பேருக்குப் புற்றுநோய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மடங்கு என்றால் ஆயிரத்தில் 6 பேர். மீதி 994 பேருக்கு அந்த வருடம் வரவில்லை. ஆனால் வருடங்கள் ஏற ஏற இது சேர்ந்துகொண்டே போகும். முதல் வருடத்தில், புதுக் கிட்னியை உடம்பு ஏற்காமல் தாக்கும் ரிஜெக்‌ஷனையும் இன்ஃபெக்‌ஷனையும் பார்த்துக் கவலைப்படுகிற நாங்கள், பத்தாவது வருடத்தில் உங்கள் கழுத்தைத் தடவிப் பார்ப்பதும் வாயைத் திறக்கச் சொல்வதும் அதனால்தான்.

கேள்வி: கிட்னியைக் காப்பாற்றுகிற மாத்திரைக்கும் கேன்சருக்கும் என்ன சம்பந்தம்?

புதுக் கிட்னியை அந்நியப் பொருள் என்று அடையாளம் கண்டு தாக்க வருபவை டி செல்கள் என்கிற வெள்ளை அணுக்கள். டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் மூன்றும் சேர்ந்து அவற்றை அடக்கி வைக்கின்றன. ஆனால் அதே டி செல்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வைரஸ் புகுந்த செல்களையும், கோணலாக வளரத் தொடங்கிய செல்களையும் கண்டுபிடித்து அழிப்பது அவைதான். ஒரு வேலையை மட்டும் நிறுத்தி மற்றதை நடத்த வைக்கும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை.

இது 1960களிலேயே கண்ணில் பட்டுவிட்டது. அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸில் குழுவினர் மாற்று செய்த நோயாளிகள் சிலருக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று வந்தது. அந்தக் குழுவில் இருந்த இஸ்ரேல் பென் என்ற அறுவை மருத்துவர் 1968இல் இப்படிப்பட்டவர்களின் விவரங்களை உலகம் முழுவதிலிருந்தும் சேகரிக்கத் தொடங்கினார். இன்று நாங்கள் பேசுவதற்கெல்லாம் அந்தப் பதிவேடுதான் ஆரம்பம்.

இப்படி எதிர்ப்பை அடக்கும் சில மருந்துகளுக்கு நேரடிப் பங்கும் உண்டு. அசதயோபிரின் தோலை வெயிலில் உள்ள புற ஊதாக் கதிருக்குக் கூச்சமாக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அசதயோபிரின், சைக்ளோஸ்போரின் இரண்டையும் மனிதருக்குப் புற்று உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில்தான் வைத்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரி மாத்திரையை எடுத்து ஓரமாக வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. அதைப் பற்றிக் கீழே தனியாகவே சொல்கிறேன்.

கேள்வி: எல்லா வகைக் கேன்சரும் கூடுமா?

இல்லை, இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். மார்பகப் புற்றும் புராஸ்டேட் புற்றும் மாற்று செய்தவர்களுக்குப் பொதுவாகக் கூடுவதில்லை. மற்றவர்களுக்கு இருக்கும் அதே அளவுதான்.

அதிகம் கூடுபவை பெரும்பாலும் வைரஸ் தொடர்புள்ளவை. மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கில் நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா 7 மடங்குக்கு மேல். கபோசி சர்கோமா என்ற அபூர்வமான புற்று 60 மடங்கு. அடிப்படையில் அது மிக அரிது என்பதால் மடங்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. சிறுநீரகப் புற்று 4 முதல் 5 மடங்கு, நுரையீரல் புற்று சுமார் 2 மடங்கு. உதடு, கருப்பை வாய், ஆசனவாய், பிறப்புறுப்பு ஆகிய இடங்களிலும் கூடும்.

கேள்வி: வெள்ளைக்காரர்களுக்குத்தானே தோல் புற்று வரும்? நமக்கென்ன?

பாதி சரி. ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் மாற்று செய்த வெள்ளைத் தோலினருக்கு ஸ்குவாமஸ் செல் என்ற தோல் புற்று 65 மடங்குக்கும் மேல் கூடுகிறது. நம் தோலில் இருக்கும் மெலனின் நம்மை நிறையக் காப்பாற்றுகிறது. இங்கே தோல் புற்று பார்ப்பது குறைவுதான்.

ஆனால் குறைவு என்பதாலேயே நாம் பார்க்கத் தவறுகிறோம். கருத்த தோலில் இது வெயில் படாத இடங்களில்கூட வருகிறது. உள்ளங்கால், நக அடி, பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றி. அங்கெல்லாம் வெயிலைவிட மரு வைரஸுக்குத்தான் பங்கு அதிகம். மாதம் ஒருமுறை, குளித்து முடித்த பிறகு, ஒரு கைக்கண்ணாடியும் வெளிச்சமும் இருந்தால் போதும். உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். விரல் இடுக்கு, அக்குள், தொடை இடுக்கு. முதுகை வீட்டில் இருப்பவர் பார்க்கட்டும். நான்கு வாரத்தில் ஆறாத புண், கொட்டாமல் வளர்ந்துகொண்டே போகும் மரு, தொட்டால் ரத்தம் வரும் பொருக்கு, புதிதாகக் கருத்த நகக்கோடு இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த ஓ.பி. வரை காத்திருக்க வேண்டாம்.

வயலிலும் உப்பளத்திலும் சித்தாள் வேலையிலும் இருப்பவர்களிடம் "வெயிலில் போகாதீர்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, அது நடக்காது. முழுக்கைச் சட்டை போடுங்கள், தலையில் துண்டு கட்டுங்கள், காதையும் கழுத்தையும் மூடுங்கள். மத்தியான வேலையை முடிந்த அளவு காலைக்கு மாற்றுங்கள். வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதுவும் தோலை வெயிலுக்குக் கூச்சமாக்கும்.

கேள்வி: பாக்கு மட்டும் போடுகிறேன், புகையிலை இல்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன்.

ஒரு லாரி டிரைவர் அண்ணன். மாற்று செய்து ஆறு வருடம். கொடுத்தவர் அவருடைய மனைவி. டாக்ரோ லெவல் ஒழுங்கு, கிரியேட்டினின் ஒழுங்கு, ஒரு ஓ.பி. தவறமாட்டார். ஒரு நாள் பேசும்போது வலது பக்கமாகவே வாயைக் கோணிக்கொண்டு பேசினார். "பல்லு குத்துதும்மா" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால் இடது கன்னத்தின் உட்பக்கம், கடைவாய்ப் பல் ஓரமாக, ஐம்பது பைசா அளவில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு திட்டு. விரலால் தடவினால் சொரசொரப்பு. ராத்திரி ஓட்டும்போது தூக்கம் வராமலிருக்க அங்கேதான் ஹான்ஸ் புகையிலையை அடக்கி வைத்திருக்கிறார். மாற்று செய்வதற்கு முன் விட்டுவிட்டேன் என்று எங்களிடம் சொன்னவர், அறுவை முடிந்த இரண்டாம் வருடம் மறுபடி தொடங்கியிருக்கிறார். சொன்னால் திட்டுவோம் என்று பயம். நல்ல வேளையாகப் புற்று சிறியதாக இருக்கும்போதே சதைத் துணுக்கெடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியில் தெரிந்து, அறுவையில் எடுத்துவிட்டார்கள். கிட்னியும் தப்பித்தது.

அன்றிலிருந்து நான் யாரையும் திட்டுவதில்லை. "போடறீங்களா?" என்று கேட்காமல், "வாயைத் திறங்க, பார்க்கலாம்" என்கிறேன்.

பாக்கே புற்று உண்டாக்கும் பொருள்தான். புகையிலை சேராத வெறும் பாக்கைப் பற்றியும் 2004இலேயே உலக சுகாதார அமைப்பின் அதே பிரிவு இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. நோய் எதிர்ப்பு அடங்கிய உடம்பில் பாக்கு, குட்கா, ஹான்ஸ், பீடி, சிகரெட் எல்லாம் இரட்டைச் சுமை. கல்யாண வீட்டில் ஒரு வெற்றிலை போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: வெற்றிலை போடுங்கள், பாக்கை வைத்துவிடுங்கள்.

கேள்வி: கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. சளி பிடித்ததால் இருக்குமா?

இருக்கலாம், பெரும்பாலும் அதுதான். இருந்தாலும் மாற்று செய்தவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் நெறி இருந்தால் காட்டியே ஆக வேண்டும். பி.டி.எல்.டி. என்று நாங்கள் சொல்லும் நிணநீர்க் கோளாறு இப்படித்தான் தலைகாட்டும்.

இதற்குப் பின்னால் பெரும்பாலும் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் இருக்கிறது. நம்மில் ஏறக்குறைய எல்லோருக்கும் சிறு வயதிலேயே அது வந்துபோய், பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். டி செல்கள் அடங்கியதும் அந்த பி செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகலாம். வைரஸை இதுவரை சந்திக்காத ஒருவருக்கு, அது இருக்கும் டோனரின் (கொடுப்பவரின்) கிட்னி கிடைத்தால் ஆபத்து அதிகம். அந்த நிலையில் பெரும்பாலும் இருப்பவர்கள் குழந்தைகள். பெரியவர்களில் சிறுநீரக மாற்று செய்தவர்களுக்கு நூற்றில் ஒருவர் இருவர் என்ற அளவில் வருகிறது. முதல் வருடத்திலும், பிறகு பல வருடம் கழித்தும் என இரண்டு சமயங்களில் இதை அதிகம் பார்க்கிறோம்.

குழந்தைக்கு மாற்று செய்த பெற்றோருக்கு ஒரு வார்த்தை. திடீரென்று குறட்டை விட ஆரம்பித்தால், டான்சில் வீங்கினால், காரணம் தெரியாத காய்ச்சல் வந்து வந்து போனால், வயிறு உப்பி எடை குறைந்தால், "ஸ்கூல்ல எதையோ வாங்கித் தின்னிருக்கான்" என்று விடாதீர்கள். பெரியவர்களுக்கும் ராத்திரி வேர்வையும் எடைக்குறைவும் கவனிக்க வேண்டியவை. நம் ஊரில் இதே அறிகுறிகளோடு டி.பி.யும் வரும். அதனால் நெறியிலிருந்து பயாப்ஸி எடுக்காமல் டி.பி. என்றோ புற்று என்றோ யாரும் ஊகத்தில் மருந்து தொடங்கக் கூடாது.

சிகிச்சையின் முதல் படி நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை மருத்துவர் குறைப்பதுதான். சிலருக்கு அதிலேயே கட்டி சுருங்கிவிடும். சுருங்காவிட்டால் ரிட்டக்சிமாப் ஊசி, தேவைப்பட்டால் கீமோ.

கேள்வி: பெண்கள் தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ், மாற்று செய்த பெண்களின் உடம்பில் எளிதாக விலகாமல் தங்கிவிடுகிறது. கருப்பை வாயிலிருந்து செல்களைத் தடவியெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. டெஸ்ட் மற்றப் பெண்களைவிட அடிக்கடி தேவை. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று உங்கள் மகப்பேறு மருத்துவர் சொல்வார். நீங்கள் மாற்று செய்தவர் என்று அவரிடம் சொன்னால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும்.

"வயசாயிடுச்சு, அவரும் போயிட்டார், இனி எதுக்கு?" என்று கேட்கும் அம்மாக்கள் உண்டு. வைரஸ் இருபது வருடம் முன்பே வந்து தங்கியிருக்கலாம். ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

எச்.பி.வி. தடுப்பூசி உயிருள்ள கிருமி ஊசி இல்லை. மாற்றுக்குப் பிறகும் போடலாம், முன்பே போட்டுவிட்டால் இன்னும் நன்றாக வேலை செய்யும். நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு மூன்று டோஸ். புனேயில் சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கும் செர்வாவாக்கும் இப்போது கிடைக்கிறது. டயாலிசிஸில் இருக்கும் இளம் பெண்ணோ பையனோ உங்கள் வீட்டில் இருந்தால், மாற்று தேதிக்குக் காத்திருக்கும்போதே இதைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: மஞ்சள் காமாலை வைரஸ் இருப்பவர்கள்?

ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் கல்லீரல் புற்று வரை கொண்டுபோகும். பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அதை இரட்டிப்பு அளவில் போட்டு, டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்பு எவ்வளவு உருவாகியிருக்கிறது என்று) பார்க்க வேண்டும். சி-க்குப் பெரும்பாலானோருக்கு 12 வார மாத்திரையே போதும், நூற்றில் 95 பேருக்கு மேல் முழுதாகக் குணமாகிறது. பி இருப்பவர்கள் அதற்கான மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் பேசிவைக்க வேண்டும்.

கேள்வி: பழைய கிட்னிகளை எடுக்கவில்லையே, அதில் ஏதாவது வருமா?

மாற்று செய்யும்போது பொதுவாகப் பழைய இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கம் வைப்பார்கள். பழையவை சுருங்கிப்போய் இருந்தாலும், பல வருடம் டயாலிசிஸில் இருந்தவர்களுக்கு அவற்றில் நீர்க்கட்டிகள் உருவாகும். அதில் சில புற்றாக மாறலாம். மாற்று செய்தவர்களின் சிறுநீரகப் புற்றில் பெரும்பகுதி புதியதில் இல்லை, பழையதில்தான். புதுக் கிட்னிக்கு ஸ்கேன் எடுக்கப் போகும்போது "பழைய ரெண்டையும் ஒருதடவை பாருங்க டாக்டர்" என்று சொல்லிப் பழகுங்கள், ஐந்து நிமிட வேலை. வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால் அன்றைக்கே சொல்லுங்கள். உடம்பின் எதிர்ப்பே உடம்பைத் தாக்கும் லூபஸ் போன்ற நோய்க்காக முன்பு சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தை எடுத்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றின் வாய்ப்பும் கூடுதல் என்பதால், அவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கேள்வி: கேன்சர் வராமலிருக்க நாட்டு மருந்து சாப்பிடலாமா?

தவறான இடத்தில் பாதுகாப்பைத் தேடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மரபு மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, என் பாட்டி கைமருந்தில் வளர்ந்தவள்தான் நான். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிய ஒரு கிளினிக்கில் மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்து வந்தார்கள். மாத்திரையில் அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி கலந்திருந்தது. அவர்களில் 39 பேரின் பழைய கிட்னியையும் சிறுநீர்க் குழாயையும் முன்னெச்சரிக்கையாக எடுத்துப் பார்த்தபோது, 18 பேருக்கு ஏற்கெனவே புற்று இருந்தது. அந்த இனத்துச் செடிகள் நம் ஊரிலும் இருக்கின்றன. ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி என்று வேலியோரம் நாம் பார்ப்பவை அவைதான். கிட்னி நோய் உள்ள யாரும் இவற்றைத் தொடவே கூடாது.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் பொடிகளும் உங்களுக்கு வேண்டாம். நீங்கள் மாத்திரை சாப்பிடுவதே அதை அடக்கத்தான். கொரோனா காலத்தில் சீந்தில் பொடி சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களை இந்திய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் சமையலில் போடும் மஞ்சள், மிளகு, பூண்டுக்கு நான் தடை சொல்லவில்லை. சமையல் அளவைத் தாண்டி மாத்திரையாக, கஷாயமாக எதைச் சாப்பிடுவதானாலும் டப்பாவோடு கொண்டுவந்து காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: மாத்திரையை நானே கொஞ்சம் குறைத்துக்கொண்டால் கேன்சர் வாய்ப்பு குறையுமே?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். கேன்சர் பயத்தில் மாத்திரையைத் தாமாகக் குறைத்துக் கிட்னியை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கல்லூரிப் பையன் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, காலை டாக்ரோவை மட்டும் விட்டுவிட்டு ராத்திரியது மட்டும் சாப்பிட்டிருக்கிறான். இரண்டு மாதத்தில் கிரியேட்டினின் 1.1இலிருந்து 4.8. காப்பாற்ற அவனுக்கு ஸ்டீராய்டு ஊசியும், டி செல்களையே அழிக்கும் ஏ.டி.ஜி. என்ற ஊசியும் கொடுக்க வேண்டியிருந்தது. அதாவது, எதற்குப் பயந்து மாத்திரையை விட்டானோ அதைவிடப் பல மடங்கு வலுவாக எதிர்ப்பை அடக்கும் மருந்து. லிம்போமா வாய்ப்பைக் கூட்டுவதில் ஏ.டி.ஜி. போன்ற ஊசிகளுக்குத்தான் பங்கு அதிகம்.

குறைக்க முடியுமா என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. மாற்று செய்து வருடங்கள் போகப் போக மருத்துவர்களே லெவலைத் தாழ்த்தி வைப்பார்கள். அவர்கள் ரத்தத்தில் டாக்ரோ லெவல் பார்த்து, சிறுநீரில் புரதம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள்.

கேள்வி: சிரோலிமஸுக்கு மாற்றினால் கேன்சர் வராதாமே?

இந்த மருந்தின் கதையே சுவாரஸ்யமானது. 1964இல் கனடாவிலிருந்து ஒரு குழு பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவுக்குப் போய் மண் மாதிரிகள் எடுத்து வந்தது. அந்த மண்ணின் பாக்டீரியாவிலிருந்து மான்ட்ரியலில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இதைப் பிரித்தெடுத்த குழுவை நடத்தியவர் சுரேந்திர நாத் சேகல் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி. அந்தத் தீவின் உள்ளூர்ப் பெயர் ராப்பா நூயி, அதனால் மருந்துக்கு முதலில் ராப்பாமைசின் என்று பெயர். எதிர்ப்பையும் அடக்கும், செல்கள் பெருகுவதையும் தடுக்கும் என்பதுதான் இதன் சிறப்பு.

பலன் நிஜம். இத்தாலியில் கபோசி சர்கோமா வந்த 15 சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு சைக்ளோஸ்போரினை நிறுத்தி சிரோலிமஸ் கொடுத்தபோது, மூன்று மாதத்தில் எல்லோருடைய தோல் கட்டிகளும் மறைந்தன, கிட்னியும் நிலைத்தது. இது 2005இல் வெளியானது. தோல் புற்று ஏற்கெனவே வந்த 120 பேரிடம் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், சிரோலிமஸுக்கு மாறியவர்களில் 22 சதவீதத்தினருக்கும் மாறாதவர்களில் 39 சதவீதத்தினருக்கும் மறுபடி தோல் புற்று வந்தது.

அப்படியானால் எல்லோருக்கும் கொடுக்கலாமே? இல்லை. வாய்ப்புண், கால் வீக்கம், கொழுப்பு ஏறுவது, சிறுநீரில் புரதம் போவது, புண் ஆறத் தாமதம் என்று தொல்லைகள் நிறைய, பலரால் தொடர முடிவதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுக் கணக்கில், புற்று குறைந்தாலும் மொத்த இறப்பு கூடியிருந்தது. ஆகவே தோல் புற்றோ கபோசியோ வந்தவருக்கு இது நல்ல தெரிவு. ஒன்றும் வராதவருக்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: டோனரிடமிருந்து கேன்சர் தொற்றுமா?

மிக மிக அரிதாக நடந்திருக்கிறது, பத்தாயிரம் மாற்றுகளில் ஒருசில என்ற அளவில். அதைத் தடுக்கத்தான் கொடுப்பவரை அவ்வளவு டெஸ்ட்டுக்கு அலைய வைக்கிறோம். அம்மாவுக்கு மார்பகப் பரிசோதனை எதற்கு, அண்ணனுக்கு மார்பு எக்ஸ்ரே எதற்கு என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: முன்பே கேன்சர் வந்து குணமானவருக்கு மாற்று செய்வார்களா?

செய்வார்கள். முன்பு எல்லாப் புற்றுக்கும் இரண்டு அல்லது ஐந்து வருடம் காத்திருக்கச் சொன்னார்கள். இப்போது வகை பார்த்து முடிவு செய்கிறார்கள். தற்செயலாகத் தெரிந்து முழுதாக எடுத்துவிட்ட சின்னச் சிறுநீரகக் கட்டி போன்ற சிலவற்றுக்குக் காத்திருக்கவே வேண்டாம். ஆரம்பநிலை மார்பகப் புற்று போன்றவற்றுக்குக் குறைந்தது இரண்டு வருடம் பார்ப்பார்கள். புற்றுநோய் மருத்துவரின் கடிதம் இல்லாமல் இதில் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

கேள்வி: கேன்சர் வந்துவிட்டால் கிட்னி போய்விடுமா?

பெரும்பாலும் கிட்னியை வைத்துக்கொண்டே சிகிச்சை நடக்கும். மாத்திரைகளைக் குறைத்து, மாற்றி, அறுவையும் கதிர்வீச்சும் கீமோவும் கொடுக்கிறார்கள். கவலை தருவது இம்யூனோதெரபி என்ற புதுவகை ஊசிகள். அவை டி செல்களைத் தட்டி எழுப்புவதால், சிறுநீரக மாற்று செய்தவர்களில் ஏறக்குறைய நூற்றில் 40 பேருக்கு ரிஜெக்‌ஷன் வருகிறது. தெரிந்தே அந்த முடிவை எடுத்து, டயாலிசிஸுக்குத் திரும்பினாலும் உயிர் முக்கியம் என்று ஊசி போட்டுக்கொண்டவர்களும் உண்டு. அப்படி ஒரு பேச்சு வந்தால் புற்றுநோய் மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் போனிலாவது பேசிக்கொள்ள வேண்டும் என்று நீங்களே வற்புறுத்துங்கள்.

கேள்வி: இவ்வளவு இருக்கிறதே, பேசாமல் டயாலிசிஸிலேயே இருந்துவிடலாமா?

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. இன்று இருபது வருடம் தாண்டியும் அதே கிட்னியோடு பேரன் பேத்தி பார்த்தவர்கள் எங்கள் ஓ.பி.க்கு வருகிறார்கள். அமெரிக்காவில் 1999இல் வெளியான ஒரு பெரிய கணக்கில், இறந்தவர் தந்த கிட்னியைப் பெற்றவர்களின் நீண்டகால இறப்பு வாய்ப்பு, பட்டியலில் காத்திருந்து டயாலிசிஸில் இருந்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. புற்றுநோய் வாய்ப்பையும் உள்ளடக்கிய கணக்கு அது. தகுதியுள்ளவர் மாற்று செய்துகொள்ள வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி: என் மகனுக்கு நான்தான் கிட்னி கொடுத்தேன். எட்டு வருடம் கழித்து அவனுக்கு லிம்போமா என்கிறார்கள். என் கிட்னியால்தானா?

இதைக் கேட்ட அம்மா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

இல்லைம்மா. எட்டு வருடம் கழித்து வரும் லிம்போமா பொதுவாகக் கொடுத்தவரிடமிருந்து போவதில்லை, அது அவன் உடம்பின் செல்களிலேயே உருவாவது. உங்களுக்கு அதனால் எதுவும் வராது, நீங்கள் அந்த மாத்திரை எதையும் சாப்பிடவில்லை. உங்கள் கிட்னி இன்றும் வேலை செய்கிறது, கீமோ நடக்கும்போதுகூட அவன் டயாலிசிஸ் இல்லாமல் இருப்பது அதனால்தான். இந்த எட்டு வருடத்தில் அவன் டிப்ளமோ முடித்தான், வேலைக்குப் போனான், தங்கச்சிக்குக் கல்யாணம் செய்துவைத்தான். நாளைக்கு மூன்றாவது கீமோ. காலையில் எட்டு மணிக்கு வார்டுக்கு வாருங்கள், நான் கீழே ரிசப்ஷனில் நிற்கிறேன்.